மிச்சம் பிடித்த காசு யாருடையது?



கையில் காசு கம்மி, ஆசை மட்டும் பெரிசு. நம் வயதில் இது எல்லாருக்கும் உள்ள நிலைமைதான். அதனால்தான் செமஸ்டர் விடுமுறை நெருங்கினால் நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே பேச்சு ஓடுகிறது. எந்த விமானம் மலிவு, எங்கே தங்கினால் காசு மிச்சம், யாரிடம் எப்படிப் பேரம் பேசினால் எவ்வளவு குறையும். "நான் பாதி விலைக்கு முடிச்சிட்டேன் மச்சான்" என்று ஒருவன் சொன்னால் உடனே எல்லாரும் கைதட்டுகிறோம். அந்த மற்றப் பாதியை யார் கொடுத்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

இது வெறும் பணக்கணக்கு இல்லை, தர்மம் சம்பந்தப்பட்ட கேள்வி என்பது என் எண்ணம். எளிமையாக வாழச் சொல்லும் சமயம் நம்முடையது. பதஞ்சலியின் யோக சூத்திரம் சொல்லும் ஐந்து யமங்களில் அபரிக்கிரகமும் உண்டு, அஸ்தேயமும் உண்டு. தேவைக்கு மேல் சேர்க்காமல் இருப்பது அபரிக்கிரகம். பிறர் பொருளை எடுக்காமல் இருப்பது அஸ்தேயம். முதுகில் ஒரே ஒரு பையோடு ஊர் சுற்றுபவனைப் பார்த்தால் அபரிக்கிரகத்தின் உருவம் மாதிரியே தெரியும். ஆனால் அவன் அஸ்தேயத்தையும் காப்பாற்றுகிறானா? குறைந்த செலவில் பயணம் செய்வது எளிமையா, அல்லது அடுத்தவர் பங்கைத் தின்பதா?

பணக்காரத் தீவும் பக்கத்துத் தீவும்

இந்தக் கேள்வியை யோசிக்க மாலத்தீவு நல்ல உதாரணம். கடந்த விடுமுறையில் நாங்கள் நான்கு பேர் அங்கே போய் வந்தோம். மாலத்தீவு என்றதும் நமக்கு ஞாபகம் வருவது தண்ணீருக்கு மேல் நிற்கும் மரவீடுகளும் தேனிலவுப் படங்களும்தான். அங்கே ஒரு ரிசார்ட் என்றால் பெரும்பாலும் ஒரு தனித் தீவு. சாப்பாடு, படகு, தண்ணீர் எல்லாம் அந்த ரிசார்ட் வைத்த விலை. நம்மைப் போன்ற மாணவர்களுக்கு எட்டாத உயரம் அது.

ஆனால் அந்த நாட்டில் சுமார் 1,190 தீவுகள் இருக்கின்றன. அவற்றில் ஏறத்தாழ 200 தீவுகளில் சாதாரண மக்கள் வாழ்கிறார்கள். 1972-இல் முதல் ரிசார்ட் திறந்ததிலிருந்து பல ஆண்டுகள் சுற்றுலாப் பயணிகள் ஒரு பக்கம், ஊர் மக்கள் ஒரு பக்கம் என்றே வைத்திருந்தார்கள். 2009, 2010 வாக்கில் விதிகள் மாறிய பிறகுதான் மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் இல்லங்கள் பெருகின. மாஃபுஷி அப்படிப்பட்ட தீவு. தலைநகர் மாலேயிலிருந்து பொதுப் படகில் சுமார் ஒன்றரை மணி நேரம். நம் ஊர் பேருந்துக் கட்டணம் மாதிரிதான் இருக்கும். பள்ளிப் பிள்ளைகளும் மார்க்கெட்டுக்குப் போய்வரும் அம்மாமார்களும் ஏறும் படகு அது. வெள்ளிக்கிழமை ஓடாது, அன்று அங்கே வார விடுமுறை.

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் அக்டோபர் வரை அறை வாடகை இன்னும் இறங்கும். காலையில் தேங்காய்த் துருவலோடு சூரை மீனைப் பிசைந்த 'மஸ் ஹுனி'யும் ரொட்டியும் சாப்பிட்டுப் பசியாறலாம். எங்களில் சைவம் சாப்பிடுகிறவன் பரிதாபமாக ரொட்டியையும் தேநீரையும் வைத்தே பல வேளை ஓட்டினான், அது வேறு கதை. உலகத்தில் மிக விலை உயர்ந்த கடற்கரைகளில் ஒன்றை மாணவனும் பார்க்க முடியும். இதில் எந்தத் தப்பும் இல்லை. தப்பு எங்கே நுழைகிறது என்று பார்ப்போம்.

சூடு எங்கே போகிறது?

பொறியியல் படிக்கிறவன் என்பதால் எனக்கு இப்படித்தான் யோசிக்க வரும். ஏர்கோன் நம் அறையைக் குளிர வைக்கிறது. அறைக்குள் உட்கார்ந்திருப்பவனுக்குச் சூடு மறைந்துவிட்ட மாதிரி இருக்கும். வெளியே அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். உள்ளிருந்து எடுத்த சூடும், அதை எடுப்பதற்குச் செலவான மின்சாரத்தின் சூடும் சேர்ந்து முகத்தில் அடிக்கும். சூடு மறையவில்லை, இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் வெப்ப இயக்கவியல் வகுப்பில் எந்தக் கணக்குக்கும் முதலில் எல்லைக்கோடு போடச் சொல்வார்கள். கோட்டை அறையின் சுவரில் போட்டால் ஒரு விடை வரும், வீதியையும் சேர்த்துப் போட்டால் வேறு விடை வரும்.

செலவும் அப்படித்தான். என் பர்ஸைச் சுற்றிக் கோடு போட்டால் நான் ஐம்பது வெள்ளி மிச்சம் பிடித்த கெட்டிக்காரன். தீவைச் சுற்றிக் கோடு போட்டால், அந்த ஐம்பது வெள்ளி வேறு ஒருவர் தலையில் விழுந்திருக்கலாம். விழாமலும் இருக்கலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

மெகி மீயை எடுத்துக்கொள்வோம். நம் ஆட்கள் பையில் பாதிக்கு மெகி, பிஸ்கட், மூன்று-இன்-ஒன் காப்பி என்று அடைத்துக்கொண்டு போவது வழக்கம். பார்க்க எளிமைதான். ஆனால் நிறைச் சமன்பாடு போட்டுப் பாருங்கள். தீவுக்குள் போனது நம் உணவும் அதைச் சுற்றிய பிளாஸ்டிக்கும். தீவில் தங்கிப்போனது அந்தப் பிளாஸ்டிக். தீவின் சாப்பாட்டுக் கடைக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. குப்பையைக் கொட்ட இடமில்லாத நாடு அது. 1990-களின் தொடக்கத்திலிருந்து மாலேயின் குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டுவதற்கென்றே திலஃபுஷி என்று ஒரு தீவை ஒதுக்க வேண்டி வந்தது. காசைக் கோலாலம்பூரில் கொடுத்துக் குப்பையை மாலத்தீவில் போடுவதற்குச் சிக்கனம் என்று பெயர் வைப்பது சரியா?

தண்ணீரும் அப்படியே. அங்கே ஆறு இல்லை. குழாயில் வரும் நன்னீரில் பெரும்பகுதி கடல்நீரைச் சுத்திகரித்து எடுப்பது. நவீன ஆலையில் கூட கடல்நீரிலிருந்து 1,000 லிட்டர் நன்னீர் எடுக்க ஏறத்தாழ 3 கிலோவாட் மணி மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரமும் பெரும்பாலும் கப்பலில் வந்த டீசலில்தான் பிறக்கிறது. 2014 டிசம்பரில் மாலேயின் சுத்திகரிப்பு நிலையத்தில் தீப்பிடித்தபோது, இந்தியா விமானத்திலும் கப்பலிலும் குடிநீர் அனுப்பி உதவியது. மலிவான அறை எடுத்தவன் குளிக்கும் தண்ணீர் மட்டும் மலிவாகிவிடாது. "அறை வாடகை குடுத்துட்டேன்ல" என்று அரை மணி நேரம் ஷவரில் நிற்பவன் வாடகையை விட அதிகமாகவே எடுத்துக்கொள்கிறான்.

படகில் இல்லாத பையன்

பொருள் கணக்கை விட ஆள் கணக்கு கொஞ்சம் கஷ்டமானது. நாங்கள் தங்கிய இடத்தில் எங்களைப் போலவே பை தூக்கி வந்த இருவர், பவளப்பாறை பார்க்கப் படகு பேசிக்கொண்டிருந்தார்கள். சீசன் இல்லாத நேரம், படகுக்காரருக்கு அன்றைக்கு வேறு சவாரி இல்லை. அரை மணி நேரம் பேரம் பேசி விலையை நன்றாகவே இறக்கிவிட்டார்கள். படகு கிளம்பும்போது, வழக்கமாகக் கூட வரும் உதவியாள் பையன் ஏறவில்லை, ஜெட்டியிலேயே நின்றான். டீசல் விலை பேரத்தில் இறங்காது. படகுக் கடன் இறங்காது. இறங்கக் கூடியது அந்தப் பையனின் ஒருநாள் கூலி மட்டும்தான். கூடவே, நடுக்கடலில் யாராவது தடுமாறினால் தண்ணீரில் குதிக்க இருந்த இன்னொரு ஆளும் இல்லாமல் போனான்.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. பையன் நின்றதைக் கவனித்திருக்கவே மாட்டார்கள். எங்களிடமும் அந்தப் படகுக்கு முழு விலை கொடுக்கப் பணம் இல்லை. ஆகவே நாங்கள் போகவில்லை. கரையிலிருந்து நீந்திப் போகிற தூரத்தில் இருந்ததைப் பார்த்துவிட்டு வந்தோம். பெரிய ஆமை எதுவும் கண்ணில் படவில்லை.

அன்று சாயங்காலம் நாங்கள் தேநீர் குடிக்கும் கடையில் வேலை செய்யும் பங்களாதேஷ் அண்ணனிடம் பேச்சுக் கொடுத்தோம். முன்பு ஷா ஆலமில் வேலை செய்தவராம், எங்களோடு மலாயில் பேசினார். மழைக்காலத்தில் வாடகை குறைந்தால் உங்களுக்கு எப்படி அண்ணே என்று கேட்டேன். முதலாளி இரண்டு ஆளை ஒரு ஆளாக்கிவிடுவார், அறையின் எண்ணிக்கை குறையாது, துடைக்கிற தரை குறையாது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் விலைப் பட்டியலில் தெரியாத ஒன்றை அவர் சொல்லிக்கொடுத்தார்.

இதிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் அளவுகோல் இது: நான் குறைப்பது என் வசதியையா, அடுத்தவரின் கூலியையா? ஏர்கோன் இல்லாத அறை, மெதுவான படகு, ஒரு வேளை ரொட்டி, பார்க்காமல் விட்ட ஆமை எல்லாம் என் வசதியைக் குறைக்கிறவை. அதன் கஷ்டத்தை நானே சுமக்கிறேன். இதுதான் நம் பெரியவர்கள் சொன்ன எளிமை. இன்னொருவர் தலையில் ஏற்றிய எளிமை எளிமையே ஆகாது.

"அப்போ ஏழை ஊர் சுத்தக்கூடாதா?"

இதை எழுதுவதற்கு முன் நண்பர்களிடம் சொன்னபோது ஒருவன் கடுப்பாகிவிட்டான். "நீ சொல்றதைப் பார்த்தா காசு உள்ளவன் மட்டும்தான் கடலைப் பார்க்கணும். ரிசார்ட்ல தங்குறவன் நம்மளைவிடப் பத்து மடங்கு தண்ணியைக் கொட்டுறான், அவனை யாரும் கேக்குறதில்ல. அஞ்சு டாலர் பேரம் பேசுனா நாம பாவியா?"

நியாயமான கோபம்தான். கடல் யார் அப்பன் வீட்டுச் சொத்தும் இல்லை. நம் முன்னோர்கள் காசிக்கும் ராமேஸ்வரத்திற்கும் போனது பணக்காரர்களாக இல்லை. நடந்தே போனார்கள், சத்திரத்தில் தூங்கினார்கள், போட்டதைச் சாப்பிட்டார்கள். ஏழையின் பயணத்திற்கு இடம் கொடுத்த பண்பாடு நம்முடையது. அதோடு, மக்கள் வாழும் தீவில் ஒரு குடும்பம் நடத்தும் இல்லத்தில் தங்கி, தெருமுனைக் கடையில் சாப்பிடுகிற மாணவனின் பணம் அந்தத் தீவிலேயே புழங்க வாய்ப்பு அதிகம். கணக்கு நமக்குச் சாதகமாகவும் வரும், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ரிசார்ட்காரரின் வீண்செலவு நம் பேரத்தை நியாயப்படுத்தாது என்பது மட்டும்தான் என் பதில். அவர் கணக்கை அவர் பார்த்துக்கொள்ளட்டும். பேரமே பாவம் என்றும் நான் சொல்லவில்லை. மஸ்ஜிட் இந்தியாவில் துணி எடுக்கும் நம் அம்மாக்களைப் பாருங்கள். கடைக்காரர் ஒன்று சொல்வார், அம்மா ஒன்று சொல்வார், "கட்டாதும்மா" என்பார் அவர், அம்மா இரண்டு எட்டு நடப்பார், அவர் கூப்பிடுவார். அங்கே கடைக்காரருக்கும் வேண்டாம் என்று சொல்லும் உரிமை இருக்கிறது. அடுத்த வாடிக்கையாளர் வாசலிலேயே நிற்கிறார். சவாரி இல்லாத மழைக்காலத்தில், கடனோடு நிற்கும் படகுக்காரருக்கு அந்த உரிமை உண்டா? வாய் சரி என்று சொல்லும், வயிறு சொல்ல வைக்கும்.

இதுதான் என் இரண்டாவது அளவுகோல்: எதிரில் நிற்பவரால் முடியாது என்று சொல்ல முடியுமா?

இலவசமாகச் சாப்பிட்டால்?

இந்த இரண்டாவது அளவுகோலை வைத்துப் பார்த்தால் இன்னொரு சந்தேகமும் தெளிகிறது. தைப்பூசத்தின்போது பத்துமலையில் தண்ணீர்ப் பந்தல்களைப் பார்த்திருப்பீர்கள். பை தூக்கிய வெளிநாட்டுப் பயணிகள் வரிசையில் நின்று தட்டில் சோறு வாங்கிச் சாப்பிடுவார்கள். ஒரு காசு கொடுப்பதில்லை. அதைப் பார்த்து நமக்குக் கோபம் வருகிறதா? "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க" என்றுதான் சொல்கிறோம். கொடுப்பவர் யாரும் கட்டாயப்படுத்திக் கொடுக்கவில்லை. அது அவருடைய நேர்த்திக்கடன். வாங்கிச் சாப்பிடுபவர் இருந்தால்தான் அந்த நேர்த்தியே நிறைவேறும். ஆகவே இலவசமாகப் பெறுவது தன்னளவில் தப்பில்லை.

ஆனால் பாங்காக், கோலாலம்பூர் போன்ற நகரங்களில் "என் உலகப் பயணத்திற்கு உதவுங்கள்" என்று அட்டை எழுதி நடைபாதையில் உட்காரும் பயணிகளையும் நாம் பார்க்கிறோம். நம் துறவிகளும் பிட்சை எடுத்தார்கள்தானே, இதில் என்ன வித்தியாசம் என்று கேட்கலாம். துறவி முதலில் வீட்டையும் சொத்தையும் விட்டார், அதற்குப் பிறகுதான் ஓட்டைக் கையில் எடுத்தார். இவர்கள் எதையும் விடவில்லை. வீடும் இருக்கிறது, திரும்பிப் போக வழியும் இருக்கிறது. தங்களைவிடக் குறைவாகச் சம்பாதிக்கும் ஊர்க்காரரிடம் தங்கள் விடுமுறைக்குக் காசு கேட்கிறார்கள். திருவள்ளுவர் 'இரவு' என்று ஓர் அதிகாரம் எழுதிவிட்டு, அடுத்ததாகவே 'இரவச்சம்' என்றும் ஓர் அதிகாரம் வைத்தார். கேட்க நேர்ந்தால் எப்படி என்றும் யோசித்தார், கேட்கவே கூசும் மனசையும் மதித்தார். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது சும்மா இல்லை.

விருந்தினனுக்கும் தர்மம் உண்டு

விருந்தினரைத் தெய்வமாகக் கருதச் சொல்லும் தைத்திரீய உபநிடதத்தை நாம் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறோம். சுற்றுலா விளம்பரத்தில் கூட அது வந்துவிட்டது. அது வீட்டுக்காரருக்குச் சொன்ன தர்மம். வீட்டுக்கு வந்தவனுக்கு என்ன தர்மம்? திருக்குறளில் விருந்தோம்பல் ஒன்பதாவது அதிகாரம். விருந்தினன் கடமை என்று தனி அதிகாரம் இல்லை. ஆனால் பத்தாவது இனியவை கூறல், பதினொன்றாவது செய்ந்நன்றி அறிதல். வள்ளுவர் என்ன நினைத்து அடுக்கினாரோ, எனக்கு அந்த இரண்டும் விருந்தினனுக்குச் சொன்ன மாதிரியே படுகிறது. வாய் இனிமையாக இருக்கட்டும், பெற்றதை மறக்காதே.

மாலத்தீவில் இதற்கு ஒரு சோதனையும் வந்தது. வழிபாட்டுச் சிலைகளை அந்த நாட்டுக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை. எங்களில் ஒருவன் எப்போதும் பையில் ஒரு சின்னப் பிள்ளையார் வைத்திருப்பான். "நம்ம சாமியைக் கூடக் கொண்டுபோக முடியாத ஊருக்கு எதுக்குடா போகணும்?" என்றான். அவன் போகாமல் இருந்திருந்தால் அதுவும் நேர்மையான முடிவுதான். சட்டம் பிடிக்கவில்லை என்றால் போகாமல் இருக்கலாம், போவதானால் மதிக்க வேண்டும். ஒளித்துக் கொண்டுபோவது மட்டும் வழியில்லை. கடைசியில் பிள்ளையாரை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, "மனசுக்குள்ள இருக்குறவரை எந்த மெஷினும் ஸ்கேன் பண்ண முடியாது" என்று சொல்லிக்கொண்டே விமானம் ஏறினான். தீவில் குறிப்பிட்ட ஒரு கடற்கரையைத் தவிர மற்ற இடங்களில் அடக்கமாக உடுத்த வேண்டும் என்பதும் அதே வகைதான். காசு குறைவாகக் கொடுத்தவன் மரியாதையைக் குறைவாகக் கொடுக்கலாம் என்று எந்த ஊரிலும் விதி இல்லை.

வரிக்கும் இது பொருந்தும். 2025 ஜனவரி முதல் அங்கே சிறிய விருந்தினர் இல்லங்களில் ஒரு பயணிக்கு ஓர் இரவுக்கு 6 டாலர் பசுமை வரி. "கேஷா குடுத்தா பில் வேணாம்ல?" என்று எங்கேயும் கேட்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. குப்பையும் தண்ணீரும் பற்றி மேலே எழுதியதை நினைத்துப் பாருங்கள். அந்த வரியைத் தட்டிக் கழிப்பவன் அரசாங்கத்தை ஏமாற்றவில்லை, தான் போட்ட குப்பையை அங்கேயே விட்டுவிட்டு ஓடுகிறான். பெற்றதற்குத் திருப்பிக் கொடுக்காமல் அனுபவிக்கிறவனைக் கீதையின் மூன்றாம் அத்தியாயம் திருடனோடு சேர்க்கிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் யாகமும் நெய்யும் மட்டும் நினைவுக்கு வந்தால் போதாது.

நேராகாத ஒரு கணக்கு

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றை மறைத்தால் நியாயமாகாது. கோலாலம்பூரிலிருந்து மாலேக்கு 3,000 கிலோமீட்டருக்கு மேல். மலிவு விலை டிக்கெட் எரித்த எண்ணெயின் புகைக்கு யாரும் முழு விலை கொடுக்கவில்லை. கடல் மட்டத்திலிருந்து சராசரி ஒன்றரை மீட்டர் உயரமே உள்ள நாடு மாலத்தீவு. கடல் உயர்வதை உலகத்திற்குச் சொல்ல 2009-இல் அதன் அமைச்சரவை நீருக்கடியில் கூட்டம் நடத்தியது. என் இரண்டு அளவுகோலையும் வைத்துப் பார்த்தால், செலவைச் சுமப்பவர்கள் அந்தத் தீவு மக்கள், அவர்களால் வேண்டாம் என்று சொல்லவும் முடியாது.

இதற்கு என்னிடம் அழகான விடை இல்லை. மாலத்தீவில் பலருக்குச் சோறு போடுவதே சுற்றுலாதான், யாரும் வராவிட்டால் அந்தப் பையனுக்கு ஒரு நாள் மட்டுமல்ல, எந்த நாளும் கூலி இல்லை. போனாலும் பாரம், போகாவிட்டாலும் பாரம். இப்போதைக்கு நான் பிடித்துக்கொண்டிருப்பது இதுதான்: அடிக்கடி பறக்காமல் எப்போதாவது போவது, போனால் அவசரப்படாமல் அதிக நாள் தங்குவது, நடுவில் உள்ள விடுமுறைகளுக்குப் பேருந்திலும் ரயிலிலும் போகிற தூரத்தில் உள்ள கடலைப் பார்ப்பது. இது முழு விடை இல்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன். தர்மம் என்பது ஒரே தடவையில் போட்டு முடிக்கிற கணக்கு இல்லை என்றுதான் நம் இதிகாசங்களும் சொல்கின்றன.

ஆகவே நண்பர்களே, அடுத்த விடுமுறைக்கு லங்காவியோ, பெர்ஹெந்தியானோ, இன்னும் தூரமோ, பட்ஜெட் போடும்போது ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மிச்சமாகும் ஒவ்வொரு தொகைக்கும் பக்கத்தில் அதைச் சுமப்பவர் பெயரை எழுதுங்கள். உங்கள் பெயர் வந்தால் தாராளமாக மிச்சம் பிடியுங்கள், தரையில் படுங்கள், நடந்து போங்கள், பெருமையாகச் சொல்லிக்கொள்ளுங்கள். வேறு யார் பெயராவது வந்தால் முழு விலை கொடுங்கள். முடியாவிட்டால் அதைப் பார்க்காமல் திரும்பி வாருங்கள். பார்க்காமல் விட்ட ஒரு ஆமையால் நம் வாழ்க்கை குறைந்துவிடாது.